தழுவல் அல்ல, தகவமைப்பு

நீலகிரி மலையில் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கொடுத்த துண்டறிக்கை ஒன்றின் தலைப்பு, ‘காலநிலை மாற்றத்தைத் தழுவுவோம்’. உள்ளே ‘தழுவல் நடவடிக்கைகள்’, ‘தழுவல் நிதி’, ‘தழுவலுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பு’ என்று பக்கத்துக்குப் பக்கம் தழுவல். இது ஒரு நிறுவனத்தின் கைப்பிழை என்றால் விட்டுவிடலாம். கருத்தரங்கப் பதாகையிலும் திட்ட அறிக்கையிலும் பயிற்சிக் கையேட்டிலும் இதே சொல்லைப் பார்த்தாகிவிட்டது. இனியும் பேசாமல் இருந்தால் இதுவே நிலைத்துவிடும்.

அடாப்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். காலநிலைப் பேச்சில் அதன் பொருள் தெளிவானது. புகையைக் குறைத்து, காடு வளர்த்து, வெப்பம் மேலும் ஏறாமல் தடுப்பது ஒரு வேலை. வந்துவிட்ட மாற்றத்தாலும் வரப்போகும் மாற்றத்தாலும் விழும் அடி குறையும்படி வீட்டையும் வயலையும் சாலையையும் தொழில்முறையையும் முன்கூட்டியே மாற்றி அமைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் அடாப்டேஷன். லத்தீனில் ‘ஆட்’ என்றால் ‘நோக்கி’, ‘ஆப்டுஸ்’ என்றால் ‘பொருத்தமான’. பொருத்தமாக்குதல் என்பதே வேர்ப்பொருள். அவ்வளவுதான்.

சரி, தழுவலில் என்ன தப்பு? அகராதியில் இந்தச் சொல்லுக்கு நேரே ‘தழுவல்’ என்று இருப்பது உண்மை. ஆனால் அது கதைக்கும் நாடகத்துக்கும் உரிய பொருள். ஒரு நாவலை எடுத்துத் திரைக்கதை ஆக்கினால் அது தழுவல். மூலத்தை ஒட்டி, அதை அணைத்துக்கொண்டு போவதால் அங்கே அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. வள்ளுவர் ‘சுற்றந்தழால்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். உறவைத் தழுவலாம், குழந்தையைத் தழுவலாம், ஒரு சமயத்தைத் தழுவலாம். எல்லாம் விரும்பி அணைப்பவை.

விரும்பாத ஒன்றோடு இந்த வினை சேரும்போது தமிழில் அது என்ன ஆகிறது என்று பாருங்கள். தோல்வியைத் தழுவினார். மரணத்தைத் தழுவினார். தோற்றுப்போனார், செத்துப்போனார் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்பவர் காதில் ‘காலநிலை மாற்றத்தைத் தழுவுவோம்’ என்பது ‘அதனிடம் தோற்போம்’ என்றே விழும். அடாப்டேஷன் சொல்வதோ இதற்கு நேர் எதிர். ஒரு எழுத்து மாறி அச்சாகிவிட்ட பிழை போன்றதில்லை இது. செய்ய வேண்டிய வேலையையே தலைகீழாகச் சொல்கிறது.

இந்த மலையில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. இதில் எதைத் தழுவச் சொல்கிறார்கள்?

இந்தத் தழுவலுக்கு ஒரு தம்பி வேறு இருக்கிறது: ‘காலநிலை மாற்றத்தோடு வாழப் பழகுதல்’. தழுவலைவிட எளிமை, எல்லோருக்கும் புரியும் என்று இதற்கு வாதாடுகிறார்கள். புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பழகிக்கொள் என்பது பாதிக்கப்பட்டவனுக்குச் சொல்லும் வார்த்தை. அதைச் சொன்னதும் மற்றவர்கள் பொறுப்பு முடிந்துபோகிறது. பன்னாட்டுப் பேச்சுவார்த்தையிலோ முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையே அந்தப் பொறுப்பைப் பற்றியதுதான். காலநிலை பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, அடாப்டேஷன் எல்லா நாடுகளுக்கும் பொதுவான சவால் என்றும், வளரும் நாடுகளுக்கு ஆதரவும் பன்னாட்டு ஒத்துழைப்பும் வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் இதற்கென்றே தனி நிதியம் அமைத்து, கார்பன் வரவுகளில் (புகையைக் குறைக்கும் திட்டங்களுக்குத் தரும், விற்கக்கூடிய சான்றுகளில்) 2 சதவீதத்தை அதற்கு ஒதுக்கினார்கள். இதற்காக 2019இல் கொடுத்துவந்த தொகையை 2025க்குள் இரட்டிப்பாவது ஆக்குங்கள் என்று 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாடு பணக்கார நாடுகளை வற்புறுத்தியது. இவ்வளவும் ‘பழகிக்கொள்வதற்கு’ ஆகும் செலவா? சுவர் கட்ட, வடிகால் வெட்ட, எச்சரிக்கைக் கருவி வைக்க, புதுப் பயிர் ரகம் உருவாக்க ஆகும் செலவு. இன்னார் இதைச் செய்தார், இன்னார் இதற்குப் பணம் கொடுத்தார் என்று கணக்குக் கேட்கும்படியான சொல் நமக்கு வேண்டும்.

தகவமைப்பு அப்படிப்பட்ட சொல். தகவு என்றால் தகுதி, பொருத்தம். ‘தக்கார் தகவிலர்’ என்று குறளில் வருகிற அதே தகவு. தகவு வரும்படி அமைத்தல் தகவமைப்பு. லத்தீன் வேரின் பொருளும் இதுவே.

‘அது பள்ளிக்கூட உயிரியல் சொல் ஆயிற்றே, கள்ளிச் செடிக்கு முள் வந்த கதைதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. அழிவு தானாக நேர்வது, அழிப்பு ஒருவர் செய்வது. குறைவு, குறைப்பு. இணைவு, இணைப்பு. அதே வரிசையில் அமைவு, அமைப்பு. கள்ளி யோசித்து முள் வளர்க்கவில்லை. தொட்டபெட்டா பக்கத்துச் சோலை மரங்கள் காற்றுக்குக் குட்டையாகி, தடித்த சிறு இலைகளோடு ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதும் அவை தீர்மானித்துச் செய்ததல்ல. எத்தனையோ தலைமுறைகளில் அப்படி அமைந்தது. அதைத் தகவமைவு என்று சொல்லட்டும். மனிதர்கள் திட்டமிட்டு, பணம் போட்டுச் செய்வது தகவமைப்பு. காலநிலை அறிவியலைத் தொகுத்துத் தரும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளிலும் மனித அமைப்புகளுக்கு ஒரு விளக்கம், இயற்கை அமைப்புகளுக்கு ஒரு விளக்கம் என்று பிரித்தே தருகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் சொல்லின் ஈற்றை வைத்தே பிரித்துவிடலாம். கையில் இருக்கும் இந்த வசதியை விட்டுவிட்டுத் தழுவலைக் கட்டி அழுவது ஏன்?

இலங்கைத் தமிழில் ‘இசைவாக்கம்’ என்கிறார்கள். நல்ல ஆக்கம், தழுவலைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இங்கே இசைவு என்றால் சம்மதம் என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. நிலச்சரிவுக்குச் சம்மதம் யார் கொடுப்பது? அதனால் என் ஓட்டு தகவமைப்புக்கே.

விவசாயிகளிடம் பேசும்போது இந்தப் பெயர்ச்சொல்கூட வேண்டியதில்லை. ‘இந்தச் சுவர் இந்த மழைக்கு ஈடுகொடுக்காது’ என்று இங்கே யாரும் சாதாரணமாகச் சொல்வார்கள். மார்கழி, தை மாதங்களில் நீர்ப்பனி முடிந்து உறைபனி விழத் தொடங்கியதும் தாகைச் செடிகளை வெட்டிவந்து தேயிலைமேல் போர்த்துகிறார்கள். விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டு, வெயில் படுமுன் இலைமேல் இருக்கும் பனியைக் கழுவிவிடுகிறார்கள். பனிக்கு ஈடுகொடுக்கும் வேலை இது. இப்போது பனி வரும் நாளும் விடும் நாளும் முன்போல இல்லை என்பதால், என்ன செய்து ஈடுகொடுப்பது என்பதே கேள்வி. அந்தத் துண்டறிக்கை இப்படிக் கேட்டிருந்தால் பத்து பேராவது பதில் சொல்லியிருப்பார்கள். ‘ஈடுகொடுப்பு நிதி’ என்று மட்டும் எழுதக்கூடாது, இழப்பீட்டோடு குழம்பும். இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி என்று 2022இல் எகிப்து மாநாட்டில் முடிவானது, அது வேறு கணக்கு.

‘தணிப்பு’ படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். பேரிடர்த் துறையில் தணிப்பு என்றால் சேதத்தைக் குறைப்பது. காலநிலை அறிக்கையில் தணிப்பு என்றால் புகையைக் குறைப்பது. ஒரே கையேட்டில் இரண்டு பொருளிலும் எழுதி, எது எது என்று சொல்லாமலே போகிறார்கள். பின்னதை ‘உமிழ்வுக் குறைப்பு’ என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை, இப்போது கணினி தருவதை, எடுத்து ஒட்டுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு விவசாயியிடம் வாசித்துக் காட்ட அரைமணி நேரம் போதும். அதைக்கூடச் செய்வதில்லை.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஐரோப்பாவில் உருவாகி இங்கே வந்த ஒரு முறை: சரிவுக்குள் நீளமான இரும்புக் கம்பிகளைத் துளையிட்டுச் செருகி, மேலே வலை போர்த்தி, மண்ணை இறுக்கிப் பிடிப்பது. நீலகிரிச் சாலையோரங்களில் நெடுஞ்சாலைத் துறை இதைச் செய்திருக்கிறது. இதற்கு யாரோ ‘மண் ஆணி’ என்று பெயர் வைத்தார்கள். கேட்டவுடன் கண்முன் நிற்கிறது. பன்னாட்டு ஒத்துழைப்பில் வரும் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பெயர் வைக்க நம்மால் முடியும்.

எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: ‘தழுவல் நிதி’ என்று இருக்கும் இடத்தில் ‘தகவமைப்பு நிதி’ என்று திருத்துங்கள். ‘காலநிலை மாற்றத்தைத் தழுவுவோம்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, ‘மாறும் மழைக்கும் பனிக்கும் எப்படி ஈடுகொடுப்பது?’ என்று போடுங்கள்.