பில் போட்டாச்சு, பணம் வரலையா? சிறு தொழிலுக்கு 45 நாள் விதி

கோவை கணபதிப் பக்கமோ ஓசூர் சிப்காட்டை ஒட்டியோ நாலு லேத்தும் ஒரு சிஎன்சியும் வைத்து ஜாப் ஆர்டர் எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் இல்லை என்று புலம்புபவரைவிட, ஆர்டர் இருக்கிறது, பேமென்ட்தான் வரவில்லை என்பவர்தான் அதிகம். இரும்புக்கு ரொக்கம், சனிக்கிழமை சம்பளம், மாதம் பிறந்தால் கரண்ட் பில், இருபதாம் தேதி ஜிஎஸ்டி. பார்ட்டி பணம் கொடுத்தாரோ இல்லையோ, அவருக்குப் போட்ட பில்லுக்கான வரியை நாம் கட்டியாக வேண்டும். பணம் மட்டும் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று இழுக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் பலர் மீட்டர் வட்டிக்கும் நகைக் கடனுக்கும் போகிறார்கள்.

கடன் திட்டங்களைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் நமக்கு வர வேண்டிய பணத்தையே வட்டியோடு வாங்கித் தர ஒரு மத்தியச் சட்டம் 2006-லிருந்து இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் 15 முதல் 24 வரையான பிரிவுகள் முழுக்கத் தாமதப் பேமென்ட் பற்றியவை.

எத்தனை நாளில் பணம் வர வேண்டும்?

வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள். எழுத்தில் தவணை குறித்திருந்தால் அந்தத் தேதி, ஆனால் எப்படிப் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பிஓவில், அதாவது பர்ச்சேஸ் ஆர்டரில், ‘90 நாள் கிரெடிட்’ என்று அச்சடித்து, நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது 45 நாள்தான். மக்கள் 45 நாள் விதி என்று சொல்லிப் பழகிவிட்டதால் அந்த 15 நாள் மறந்தே போகிறது. வாய்ப்பேச்சில் ஆர்டர் வாங்கி வேலை செய்பவருக்கு உண்மையில் பொருந்துவது 15 நாள் கணக்குதான்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டையே. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் குறை எதுவும் சொல்லவில்லையென்றால், டெலிவரி ஆன நாளிலேயே அவர் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. குறை சொல்லி எழுதியிருந்தால், அதை நீங்கள் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். பணம் கேட்டுப் போன் செய்யத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில் திடீரென்று ‘மெட்டீரியல் ரிஜெக்ட்’ என்று சொல்லி, பில் தொகையைக் கழிக்கும் டெபிட் நோட் அனுப்புவது பழைய வித்தை. எழுத்தில் வராத அல்லது 15 நாள் கழித்து வந்த குறையை வைத்து அவர்கள் தேதியைத் தள்ளிப் போட முடியாது.

இதற்காகவே டெலிவரி சலானை சாதாரணத் தாளாக நினைக்கக் கூடாது. வண்டி டிரைவர் கேட்டில் சரக்கை இறக்கிவிட்டு, செக்யூரிட்டி கிறுக்கிய கையெழுத்தோடு திரும்பி வருவார். அந்தக் கிறுக்கலை யார் போட்டது என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. நிறுவனத்தின் இன்வர்ட் சீல், தேதி, பெற்றவர் பெயர் மூன்றும் சலான் நகலில் இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் அன்று மாலையே ‘இன்ன சலான் எண்ணில் இத்தனை பீஸ் இறக்கிவிட்டோம்’ என்று அவர்கள் பர்ச்சேஸ் பிரிவுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் ஒன்றும் இல்லாததற்கு மேல், அவ்வளவுதான்.

வட்டி எவ்வளவு?

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. வட்டி கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. 2023 பிப்ரவரியிலிருந்து ஈராண்டு காலம் வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். அந்தக் கணக்கில் 4 லட்ச ரூபாய் பில் ஒன்று கெடுவுக்குப் பிறகு ஓராண்டு கிடந்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 89 ஆயிரம் ரூபாய். 2025-இல் வங்கி விகிதம் இறங்கியது, வட்டியும் அதற்கேற்பக் குறைந்தது. ஆனாலும் சப்ளையரின் பணத்தில் வியாபாரம் ஓட்டுவது, வங்கியில் கடன் வாங்குவதைவிட விலை கூடிய வழியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். வாங்குபவர் கட்டும் இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். சட்டத்தின் பெயரில் நடுத்தரம் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரையறைப்படி இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு. 25 கோடி முதலீடு, 100 கோடி விற்பனை வரை சிறு. பொருள் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு. வாங்குபவர் தனியார் கம்பெனியாக இருக்கலாம், பொதுத்துறையாக இருக்கலாம், அரசுத் துறையாகவும் இருக்கலாம்.

வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம். மொத்த, சில்லறை வியாபாரிகள் 2021 ஜூலையிலிருந்து உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, பெறலாம். ஆனால் அந்தப் பதிவு வங்கிக் கடனில் முன்னுரிமை பெற மட்டுமே பயன்படும், 45 நாள் விதி அவர்களுக்கு வராது. சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நம்பி மனுப் போட்டுவிட்டு அப்புறம் விவரம் தெரிந்து திரும்புபவர்கள் உண்டு. சிவில் ஒப்பந்த வேலை, அதாவது பொருளும் கூலியும் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு இது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அவர்கள் வக்கீலைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

முதலில் பதிவு, அப்புறம் சரக்கு

எல்லாவற்றுக்கும் வாசல் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் அரசின் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் தனியார் தளங்கள். அசோகச் சின்னம் மாதிரி ஒன்றைக்கூட ஒட்டி வைத்திருப்பார்கள். முகவரியில் ஜிஓவி.இன் (gov.in) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய உத்யோக் ஆதார் சான்றிதழை இன்னும் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அது 2022 ஜூன் 30-ஓடு காலாவதி.

எப்போது பதிகிறோம் என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பில்களுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது, 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் அதையே சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பி வைத்தது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆர்டரே இல்லாத மாதத்தில்கூடப் பதிந்து வைத்துவிடலாம். அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், ‘நீங்கள் சிறு தொழில் என்று எங்களுக்குத் தெரியாதே’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

கவுன்சிலுக்கு முன் ஒரு கடிதம்

சட்டம் இருந்தும் ஏன் பலர் பயன்படுத்துவதில்லை? பயம்தான். இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் கவுன்சிலில் மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியை நம்பி இருப்பவரிடம் போய் ‘சட்டம் இருக்கே’ என்று சொல்வது சுலபம், அவர் இடத்தில் நின்றால்தான் தெரியும். ஆகவே என் கணக்கில், உறவு நன்றாக இருக்கும் பார்ட்டியிடம் முதல் ஆயுதம் மனு இல்லை. அவர்களின் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போகும் ஒரு கடிதம். இப்படி எழுதலாம்:

‘எங்கள் பில் எண் …, தேதி …, தொகை ரூ. … . சரக்கு … அன்று உங்கள் ஸ்டோரில் பெறப்பட்டது, சலான் நகல் இணைப்பில். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம், பதிவு எண் … . சட்டம் தரும் கால அளவு … தேதியோடு முடிந்தது. 16-ஆம் பிரிவின்படி வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மார்ச் 31-க்குள் தொகை வராவிட்டால் இந்தச் செலவு உங்கள் இந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிவாகாது என்பதையும் கனிவுடன் நினைவூட்டுகிறோம்.’

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும். வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்ந்த ‘எச்’ உட்பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். பர்ச்சேஸ் மேனேஜர் அசையாத இடத்தில் ஆடிட்டர் அசைவார். இதற்குப் பக்க விளைவும் உண்டு. சில பெரிய வாங்குநர்கள் ‘பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன்’ என்று சப்ளையர்களிடம் பேரம் பேசத் தொடங்கினார்கள். ரத்து செய்தால் போவது வட்டி உரிமை மட்டுமல்ல, முன்னுரிமைக் கடன், டெண்டரில் முன்வைப்புத் தொகை விலக்கு என்று வரிசையாகப் போகும்.

கையில் இன்னும் இரண்டு சீட்டு இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராத வாங்குநர், அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். வாங்குபவர் பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால், 45 நாளைத் தாண்டிய குறு, சிறு நிறுவன பாக்கிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளருக்கு அறிக்கையாகத் தர வேண்டும். ‘உங்கள் அறிக்கையில் எங்கள் பாக்கி இடம் பெற்றிருக்கிறதா?’ என்று பணிவாக ஒரு மெயில் போதும்.

பேச்சு முடிந்த இடத்தில்

உறவு ஏற்கெனவே முறிந்துவிட்டதென்றால் தயங்க வேண்டியதில்லை. குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சிலுக்கு மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் மண்டலக் கவுன்சில்கள் செயல்படுகின்றன. 2017 அக்டோபரில் வந்த சமாதான் தளம் மூலம் இணையத்திலேயே மனுக்கள் போய்க்கொண்டிருந்தன, 2025 ஜூன் 27-இல் இணையவழித் தகராறு தீர்வுக்கென்று புதிய தளமும் தொடங்கப்பட்டது. வாங்குபவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊர்க் கவுன்சிலுக்கே விசாரிக்க அதிகாரம் உண்டு. டெல்லி கோர்ட்டுக்கு ரயில் ஏற வேண்டாம் என்பதே பாதி நிம்மதி.

கவுன்சில் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் நடுவர் விசாரணை, அப்புறம் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்த பிறகு அதை எதிர்த்து வாங்குபவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் செய்தாக வேண்டும். சும்மா இழுத்தடிக்கவே அப்பீல் போடுபவர்களுக்கு இது நல்ல கடிவாளம்.

சமரசத்தில் பெரும்பாலும் அசலைத் தருகிறோம், வட்டியை விடுங்கள் என்றுதான் வருவார்கள். எவ்வளவு வட்டியை விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். ஒரே தவணையில், குறித்த தேதியில் என்றால் கணிசமாக விடலாம். தவணை தவணையாக என்றால் விட வேண்டிய அவசியமே இல்லை.

பணம் வரும்வரை

பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை செய்பவர்கள் ட்ரெட்ஸ் தளத்தைக் கேட்டறிய வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை இதை நடத்துகின்றன. உங்கள் பில்லை வாங்குபவர் அங்கே ஒப்புக்கொண்டதும் வங்கிகள் அதற்கு ஏலம் கேட்கும், குறைந்த தள்ளுபடி கேட்கும் வங்கியிடம் பணம் வாங்கிக்கொள்ளலாம். கெடுவில் வாங்குபவர் வங்கிக்குக் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் திரும்பி வர முடியாது, சாதாரண பில் டிஸ்கவுன்டிங்கில் இந்த நிம்மதி கிடைப்பதில்லை. ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. சேர்ந்துவிட்டு, பில்லை ஒப்புக்கொள்ளாமல் சும்மா இருக்கும் கம்பெனிகளும் உண்டு. அடுத்த பிஓ பேசும்போதே ‘ட்ரெட்ஸில் ஒப்புதல் தருவீர்களா’ என்று கேட்டு எழுதி வாங்கினால்தான் பயன்.

கடைசியாகக் காலவரம்பு. பாக்கியை வசூலிக்கச் சட்டம் தருவது பொதுவாக மூன்று ஆண்டு, நடுவர் விசாரணைக்கும் இது பொருந்தும். ‘தருகிறோம், தருகிறோம்’ என்ற பேச்சில் மூன்று வருடம் ஓடிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரலில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்பி, பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு பார்ட்டியிடம் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். மூன்றாண்டுக்குள் வாங்கிய கையெழுத்தென்றால், அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாக ஓடத் தொடங்கும்.