தன்னம்பிக்கை சில்லறையில்தான் கிடைக்கும்

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், முதல் ஷிப்ட் முடிந்ததும் முப்பது வயதை நெருங்கும் ஒருவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பாலக்கோட்டுக்காரர். ஐடிஐ முடித்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் சிஎன்சி மெஷினில் நின்றவர். லைன் சூப்பர்வைசராகப் பதவி உயர்வு கிடைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தன்னைப் பழையபடி மெஷினுக்கே அனுப்பிவிடுமாறு மனிதவள அதிகாரிக்கு எழுதிய கடிதம்.

“காரணம் எழுதவில்லையே?” என்றேன்.

“எனக்குத் தன்னம்பிக்கை இல்லை மேடம். அதை எப்படி எழுதுவது?”

தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் பதினான்கு ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறேன். அந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. (இங்கே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) இப்போதெல்லாம் யார் அப்படிச் சொன்னாலும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: “எதில் இல்லை?”

இந்தக் கேள்வி எனக்கு முதல் நாளே தெரிந்திருக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அரங்கம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, “என்னால் முடியும்” என்று நூறு பேரைக் கைதூக்கிக் கத்தச் சொன்னவள்தான். மதிய உணவுக்கு முன்பு எல்லார் முகமும் ஒளிரும். எனக்கும் பெருமையாக இருக்கும். அடுத்த வாரம் அதே நிறுவனத்துக்குப் போனால், கத்தியவர்கள் அனைவரும் பழைய இடத்தில் பழைய முகத்தோடு நிற்பார்கள். ஒரு மூத்த தொழிலாளி ஒருமுறை என்னிடம், “அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது அம்மா” என்றார். அதைவிட நேர்மையான மதிப்பீடு எனக்கு அதுவரை வந்ததில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று எனக்கு அப்புறம்தான் உண்மையாகப் புரிந்தது. கல்லூரியில் படித்திருந்தேன், தேர்வுக்காக. ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவதைப் பற்றியது அது. ‘குறிப்பிட்ட’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். லாரி ஓட்டுவதில் மலைபோல் நம்பிக்கை உள்ளவர் மைக் முன்னால் நடுங்கலாம். தொப்பூர்க் கணவாயில் சுமை வண்டியை இறக்கும் ஓட்டுநரைக் கோழை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அவரே மகளின் பள்ளியில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகத் தயங்கிக்கொண்டு நிற்பார். நம்பிக்கை மூட்டையாக வருவதில்லை. வேலைக்கு வேலை தனித்தனியாக, சில்லறையாகத்தான் வருகிறது.

அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வளர்கிறது என்கிறார் பண்டூரா. நாமே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. மற்றவர் சொல்லும் ஊக்கம். நம் உடலின் படபடப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. நான் அரங்கத்தில் விற்றுக்கொண்டிருந்ததோ மூன்றாவதை மட்டும்.

பாலக்கோட்டுக்காரரிடம் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு நாளில் சூப்பர்வைசராகச் செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னேன். பதினொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைத் தன்னால் செய்ய முடியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதற்கு 0 முதல் 100 வரை ஒரு எண் போடச் சொன்னேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்த நம்பிக்கையை அளப்பதற்குப் பண்டூராவே பரிந்துரைத்த அளவுகோல்தான்.

மெஷின் செட்டிங் சரிபார்ப்பது 100. டூல் மாற்றும் நேரத்தைக் கணிப்பது 100. தரச் சோதனைப் பதிவேடு 80. ஆட்களைப் பிரித்து நிறுத்துவது 70. இப்படியே போய்க் கடைசி மூன்றில் எண்கள் தடுக்கி விழுந்தன. காலையில் பத்து நிமிடக் கூட்டத்தில் எல்லார் முன்பும் பேசுவது 30. உற்பத்தி குறைந்ததற்கு மேலாளரிடம் காரணம் சொல்வது 20. கூட வேலை பார்த்த மூத்தவர் தாமதமாக வந்தால் கேட்பது 10.

“பதினொன்றில் எட்டில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது” என்றேன். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடிதத்தை அன்று கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

அண்ணா என்று கூப்பிட்டவரிடம் கேள்வி கேட்பது

அந்த 10-ஐப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மேலாண்மைப் பயிற்சிகள் இங்கே வந்து சறுக்கும் இடம் இதுதான்.

ராயக்கோட்டையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். ஒரே ஊர்த் திருவிழா, ஒரே சீட்டுக் குழு. வேலை கற்றுக்கொடுத்தவரே வயதில் மூத்த அந்த அண்ணன்தான். திடீரென்று ஒரு திங்கட்கிழமை தம்பி சூப்பர்வைசர், அண்ணன் அவர் கீழே. “பெயர் சொல்லி அழையுங்கள், தொழில்முறையாக இருங்கள்” என்று பயிற்சிக் கையேடு சொல்கிறது. தம்பி அப்படிச் செய்து பார்த்தால் அன்று மாலையே பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அதற்குப் பயந்து சிலர் நேர் எதிர்த்திசையில் போகிறார்கள். எதையும் கேட்பதில்லை. அண்ணன் விட்ட வேலையைத் தாங்களே ஓடிப்போய்ச் செய்துவிடுகிறார்கள். இவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆறு வாரமும் மெஷினுக்கும் மேசைக்கும் இடையே ஓடி, இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்து, இரவில் தூக்கம் கெட்டு, கடைசியில் அதற்குத் ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

என் கருத்தில் அண்ணா என்ற சொல்லை விடவே தேவையில்லை. அதை வைத்துக்கொண்டே கேட்கலாம். உறவுச் சொல்லில் மரியாதை இருக்கட்டும், வாக்கியத்தில் விவரம் இருக்கட்டும். “நீங்கள் எப்போதும் லேட்” என்பது சண்டைக்கு அழைப்பு. “அண்ணா, நேற்றும் இன்றும் உங்கள் மெஷின் 6.15-க்குத்தான் ஓடத் தொடங்கியது. என்ன பிரச்சினை?” என்பது பேச்சு. இரண்டாவதில் ஒரு எண் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, அவர் பதில் சொல்ல இடமும் இருக்கிறது. இதை எல்லார் முன்பும் கேட்கக் கூடாது. தனியாக, முடிந்தால் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு கேட்கலாம்.

இவர் என் அறையில் நாற்காலியைப் பார்த்து அந்த வாக்கியத்தை ஐந்து முறை சொல்லிப் பார்த்தார். முதல் முறை ‘அண்ணா’வுக்கு மேல் குரல் வரவில்லை. ஒரு வாரம் கழித்து உண்மையான அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லை, காலையில் சமையலை முடித்துவிட்டு வருகிறார் என்று தெரியவந்தது. மூன்று வாரம் ஷிப்ட் மாற்றிக் கொடுக்க முடிந்தது. எல்லாக் கதையும் இவ்வளவு இதமாக முடியாது. சிலர் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் முகம் கொடுக்க மாட்டார்கள். அப்படியும் நடந்திருக்கிறது.

சொந்தப் பலம் ஏன் கண்ணில் படுவதில்லை

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் சீசனில் இரவும் பகலும் ஓடும். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, கழுவித் தரம் பிரிக்கும் வேலையில் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். அப்படி ஓரிடத்தில் நாற்பது பெண்களுக்கு ஒரு பொறுப்பாளரைத் தேட வேண்டியிருந்தது. நிர்வாகம் பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண்ணைச் சொன்னது. நான் இரண்டு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். யாருக்குக் கையில் வெட்டுப்பட்டாலும், யாருக்கு முன்பணம் வேண்டுமென்றாலும், தெலுங்கு மட்டுமே பேசும் புதுப் பெண்ணுக்கு வேலை விளங்காவிட்டாலும் எல்லாரும் போய் நின்றது பத்தாம் வகுப்பு வரை படித்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவிடம்.

அவரை அழைத்து, “உங்கள் பலம் என்ன?” என்று கேட்டேன். “எனக்கென்ன பலம் மேடம்? படிப்பு இல்லை, இங்கிலீஷ் வராது.” நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். “அதெல்லாம் ஒரு திறமையா? மனுஷி என்றால் செய்வதுதானே!” என்று சிரித்தார்.

எது நமக்குச் சிரமமில்லாமல் வருகிறதோ அதை நாம் திறமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் மனிதக் குணநலன்களின் வலிமைகளை 24 ஆக வகைப்படுத்தினார்கள். அன்பு, நேர்மை, விடாமுயற்சி, நகைச்சுவை, பிறர் மனம் அறிதல் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் ஊர்த் தன்விவரக் குறிப்புகளில் இவற்றில் ஒன்றுக்காவது இடம் உண்டா? கணினிப் பயிற்சிச் சான்றிதழுக்கு உண்டு. ஆகவே உங்கள் பலம் எது என்று உங்களையே கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் யார் யார், எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள் என்று குறித்துப் பாருங்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு அதியமானின் ஊர் என்று ஒரு பெருமை உண்டு. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அங்கே படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசிப் பளபளப்பதைப் பார்க்கிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடப்பவை என்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாடலில் வரும் செய்தி இது. பயிற்சி வகுப்புகளில் பலத்தைப் பட்டியல் போட்டுச் சட்டம் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டைமான் வீடு ஞாபகம் வரும். அந்த அக்காவின் பலம் பட்டறையில் கிடந்த பலம்.

அவர் பொறுப்பாளர் ஆனார். பதிவேடு எழுத அந்தப் பட்டதாரிப் பெண்ணே துணை. இருவருக்கும் முதல் வாரம் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலமே தடையாக மாறுவதும் உண்டு. நல்ல தொழிலாளி சூப்பர்வைசர் ஆனதும் செய்யும் முதல் தவறு, யாராவது தடுமாறினால் ‘தள்ளு, நான் செய்கிறேன்’ என்பது. கை வேகம் அவரை உயர்த்தியது. அதே கை வேகம் இப்போது அடுத்தவரைக் கற்கவிடாமல் செய்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் ராணுவத்துக்குப் போய்விட, புதியவர்களுக்கு விரைவாக வேலை கற்றுக்கொடுக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். பின்னாளில் ஜப்பானில் டொயோட்டா வரை அது போனது. கற்பவரைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு அவ்வப்போது போய்க் கவனி என்று நான்கே படிகள். மூன்றாவது படியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கெட்டிக்காரர்களுக்கு ஆகாத காரியம். பாலக்கோட்டுக்காரரிடம் நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். வெட்கப்பட்டார், ஆனால் செய்தார்.

பதவி உயர்ந்த பெண்கள் என்னிடம் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: “ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்.” பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இலேயே, நன்றாகச் சாதித்த பெண்களிடம் இந்த உணர்வைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆண்களுக்கும் இது உண்டு. பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எல்லாத் தயக்கத்தையும் இந்த எண் விளையாட்டால் தீர்த்துவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு அடைக்கிறது என்றால் அது தன்னம்பிக்கைக் குறைவு அல்ல, மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நிறுவனமே ஆளைக் கசக்குகிற இடங்களும் உண்டு. தலைவலிக்கு நெற்றியைக் குறைசொல்வதுபோல், பன்னிரண்டு மணி நேர வேலை வாங்கிவிட்டுத் தொழிலாளியின் மனப்பான்மையைத் திருத்தச் சொல்லி என்னை அழைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு அழைப்புகளை மறுத்திருக்கிறேன். ஒன்றை மறுக்காமல் போனதற்கு இன்றும் வருத்தம் உண்டு.

பாலக்கோட்டுக்காரர் ஆறு மாதம் கழித்து வந்தார். பழைய தாளைப் பத்திரமாக வைத்திருந்தார், மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. பழைய எண்களை அடித்துவிட்டு அருகிலேயே புதியவை. கூட்டத்தில் பேசுவது 70. மேலாளரிடம் காரணம் சொல்வது 60. மூத்தவரைக் கேட்பது 50. “அது மட்டும் இன்னும் ஏறவில்லை மேடம்” என்றார். அதற்குக் கீழே வேறு மையில் பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது: ‘முடியாத இலக்கு கொடுத்தால் மேலாளரிடம் முடியாது என்று சொல்வது.’ எதிரே ஒரு 5.

“இந்த வாக்கியத்தையும் நாற்காலியிடம் சொல்லிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.