ஆந்தாலஜி: தமிழில் தொகைநூல்

பல கவிஞர்களின் பாடல்களைக் குறிப்புகளோடு தரும் 'அனோட்டேட்டட் ஆந்தாலஜி'யைத் (annotated anthology) தமிழில் எப்படிச் சொல்வது? 'ஆந்தாலஜி' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆந்தோஸ்' என்றால் பூ, 'லெகெய்ன்' என்றால் திரட்டுதல். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் மெலியாகர் பல புலவர்களின் குறும்பாக்களைத் தொகுத்து 'மாலை' என்றே பெயரிட்டார். ஒவ்வொரு புலவரையும் ஒரு பூவாகவோ செடியாகவோ சொல்லும் அதன் முகப்புப் பாட்டில், பழங்காலக் கிரேக்கப் பெண்கவிஞர் சாஃபோவின் பாக்கள் 'சிலவே, ஆனால் ரோஜாக்கள்'. ஆங்கிலத்தில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது.

தமிழில் 'கவிதைத் தொகுப்பு' என்று எழுதினால் குழப்பம் வரும். ஒரே கவிஞர் தம் கவிதைகளைத் திரட்டி வெளியிடுவதையும் இன்று அப்படித்தான் சொல்கிறோம். பலர் பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்ததற்குத் 'தொகைநூல்' பொருந்தும். எட்டுத்தொகை இருக்கவே இருக்கிறது. 'பாத்திரட்டு' என்றாலும் தவறில்லை. ஆனால் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஒருவர் உரைத்ததையும் தொகை என்கிறது. ஆகவே ஐயம் வரும் இடத்தில் 'பல்லோர் தொகை' என்று தெளிவாக்கலாம். பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு எனத் தொகுக்கும் வகைகளையும் அந்நூலே தருகிறது. 1861இல் பால்கிரேவ் வெளியிட்ட 'கோல்டன் ட்ரெஷரி' என்னும் ஆங்கிலப் பாடல் தொகைநூல் நான்கு பகுதிகளாகக் காலவரிசையில் அமைந்தது. தண்டி கணக்கில் அது காலத்தால் தொகுத்த தொகை.

'அனோட்டேட்டட்' என்பதை 'உரையுடன்' என்று பெயர்ப்பது மிகை. உரை என்றால் பாட்டு முழுவதற்கும் பொருள் சொல்ல வேண்டும். 'அனோட்டேட்டட்' நூலில் இருப்பது குறிப்புரை. கடினச் சொல்லுக்கு மட்டும் பொருள் தந்தால் அரும்பதவுரை.

பொதுவாசகருக்கான குறிப்புரையில் முதலில் வேண்டியது, தெரிந்த சொல்போல் தோன்றி ஏமாற்றும் சொற்களுக்கான விளக்கம். ஆங்கிலக் கவிஞர் கிரே 1751இல் வெளியிட்ட கல்லறைத் தோட்டப் பாடலில் 'ரூட்' (rude) முன்னோர் என்று வரும். இன்றைய பொருளில் படித்தால் மரியாதை கெட்டவர்கள் என்றாகிவிடும். அவர் சொன்னது கல்வியும் நாகரிகப் பூச்சும் இல்லாத எளிய சிற்றூர் மக்களை. அரிய சொல்லென்றால் வாசகரே அகராதியைப் புரட்டுவார். 'ரூட்' போன்ற சொல்லுக்கு அவர் எதற்குப் புரட்டப்போகிறார்?

அடுத்தது, தொகுத்தவர் கைவைத்த இடங்கள். 1557இல் லண்டன் அச்சகர் டாட்டல் அச்சிட்ட தொகைநூலில், 1542இலேயே இறந்துவிட்ட ஆங்கிலக் கவிஞர் வயட்டின் வரிகள் ஓசை சீராக வேண்டுமென்று திருத்தப்பட்டன. அவர் கசப்பும் கிண்டலுமாகக் 'கைண்ட்லி' (அன்பாக) என்று எழுதியிருந்தது 'அன்கைண்ட்லி' (அன்பின்றி) ஆயிற்று; கிண்டல் அங்கேயே செத்தது. பால்கிரேவோ ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளுக்கு (பதினான்கு வரிப் பாக்கள்) தாமே தலைப்பிட்டார். பாட்டின் வேறுபட்ட வடிவங்களில் எந்தப் பாடத்தைப் பின்பற்றினோம், தலைப்பு யாருடையது என்று அந்தந்தப் பாட்டின் கீழேயே ஒரு வரியில் சொல்லாத பதிப்பு குறிப்புரைப் பதிப்பு என்ற பெயருக்குப் பாதிதான் தேறும்.