விசாரணை நடுவே சிறை: அந்த 6 மாதக் கணக்கு

"வாய்ப்பூட்டு உத்தரவை டிரம்ப் பத்து முறை மீறினாரே, நீதிபதி ஏன் உள்ளே தள்ளவில்லை? தள்ளியிருக்க முடியுமா?" என்று டிரம்பின் 2024 நியூயார்க் குற்ற வழக்கைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாட்சிகளையும் ஜூரியையும் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) பற்றி வெளியே பேசக் கூடாது என்பதுதான் அந்த உத்தரவு.

முடியும். நியூயார்க் நீதித்துறைச் சட்டத்தின் 751ஆம் பிரிவு, ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நீதிபதி ஹுவான் மெர்ச்சன் 2024 ஏப்ரல் 30 அன்று 9 மீறல்களுக்கு 9,000 டாலரும், மே 6 அன்று பத்தாவதற்கு 1,000 டாலரும் விதித்தார். பெரும் பணக்காரருக்கு இது உறைக்காது என்பதை அவரே குறிப்பிட்டார். அபராதத்தை அதற்குமேல் ஏற்ற சட்டத்தில் இடமில்லை. அடுத்தது சிறைதான் என்ற எச்சரிக்கையோடு அது நின்றது.

உத்தரவை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. அது எங்கே நடந்தது என்பதை முதலில் பார்ப்பார்கள். நீதிபதியின் கண்ணெதிரே நடந்தால், கண்டதையும் கேட்டதையும் பதிவு செய்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே அவர் தண்டனை சொல்லலாம். சமூக ஊடகப் பதிவு போன்ற டிரம்பின் மீறல்கள் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தவை. அதற்கு மனு, அறிவிப்பு, பதில் சொல்ல வாய்ப்பு எல்லாம் வேண்டும். உத்தரவு தெளிவானது, அவருக்குத் தெரியும், தெரிந்தே மீறினார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும். ஏப்ரல் 23 அன்று தனி விசாரணை நடந்தது இதற்காகத்தான்.

நோக்கத்திலும் இரண்டு வகை உண்டு. நடந்ததற்குத் தண்டனை ஒன்று. பணிய வைப்பதற்கான அடைப்பு மற்றொன்று. இரண்டாவதில், உத்தரவுக்குப் பணிந்த நிமிடமே கதவு திறக்கும். சிறைச் சாவி கைதியின் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்பார்கள்.

தண்டனை வகைக்கு அமெரிக்காவில் 6 மாதம் என்றொரு கோடு இருக்கிறது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் 6 மாதம் உச்சவரம்பு. அமெரிக்காவிலோ, அதைத் தாண்டினால் ஜூரி விசாரணை வேண்டும் என்று கேட்கும் உரிமை பிறக்கிறது. இந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்பதை 1969 சிகாகோ வழக்கில் பார்க்கலாம். கலவரத்தைத் தூண்டச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவரான, பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமைக் கட்சியின் பாபி சீல், தன் வழக்கறிஞர் அறுவை சிகிச்சையில் இருப்பதால் தவணை கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடுகிறேன் என்றார், அதுவும் மறுக்கப்பட்டது. அவர் குரலெழுப்பிக்கொண்டே இருந்ததால் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அக்டோபர் 29 அன்று அவரை நாற்காலியோடு கட்டி, வாயையும் கட்ட வைத்தார். நவம்பர் 5 அன்று சீல் மீதான விசாரணையை மட்டும் செல்லாது என்று பாதியில் நிறுத்திவிட்டு, 16 அவமதிப்புகளுக்குத் தலா 3 மாதம், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே. கூட்டினால் 4 ஆண்டு. 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ரத்து செய்தது: மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும், ஜூரியும் வேறொரு நீதிபதியும் வேண்டும்.

1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோடிஸ்பாட்டி வழக்கில் இன்னும் நுட்பமாகச் சொன்னது. விசாரணை நடக்கும்போதே, தவறு நடந்த அந்தந்த நேரத்தில் தண்டித்தால், கூட்டுத்தொகை 6 மாதத்தைத் தாண்டினாலும் ஜூரி தேவையில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து விசாரணை முடிந்தபின் தண்டித்தால் தேவை. காரணம் எளிது: கூச்சலை அந்த நொடியில் அடக்க வேண்டிய அவசரம்தான் குறுக்குவழிக்கு நியாயம். அவசரம் போனபின் குறுக்குவழி எதற்கு? வசை வாங்கிய நீதிபதியே, காத்திருக்க நேரம் இருந்தும், தீர்ப்பு எழுதுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. 1971 மேபெரி தீர்ப்பும் அப்படியே சொல்கிறது.

சிறை எல்லா நேரமும் பலன் தரும் என்று சொல்ல முடியாது என்பதை 1970 ஆலன் தீர்ப்பு விளக்கியது. பல ஆண்டு தண்டனையை எதிர்நோக்கி நிற்பவனுக்கு இன்னும் சில மாதம் எந்த மூலைக்கு? பணிய வைக்கும் அடைப்பிலும் ஓட்டை உண்டு. விசாரணை தள்ளிப்போனால் சாட்சிகள் சிதறிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, சாவியைப் பையில் வைத்தபடியே ஒருவன் உள்ளே கிடக்கலாம். அதனால்தான் முதலில் எச்சரித்து, பிறகும் அடங்காவிட்டால் ஆளை வெளியே அனுப்பிவிட்டு விசாரணையைத் தொடரலாம் என்ற வழியையும் அத்தீர்ப்பு திறந்தது. ஒழுங்காக நடந்துகொள்ளச் சம்மதித்தால் திரும்பி வரலாம்.

ஆளை அடைத்துவிட்டு விசாரணையும் நடக்க வேண்டுமானால், நாள்தோறும் சிறையிலிருந்து அழைத்து வர வேண்டும். கைதி உடையில் ஜூரியின் முன் நிற்க வேண்டுமென்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. அந்த உடையைப் பார்த்தபின் மூல வழக்கில் அவர் நிரபராதியாக இருக்கலாம் என்று நினைப்பது ஜூரிக்குக் கடினம்.