டிஃபிப்ரிலேஷன்: உதறல் நீக்கம்

நின்றுபோன இதயத்துக்கு ‘ஷாக்’ கொடுத்து ஓடவைப்பதுதான் டிஃபிப்ரிலேஷன் என்று பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. ‘ஃபிப்ரில்லா’ என்றால் லத்தீனில் மெல்லிய நார். இதயத் தசைநார்கள் சேர்ந்து சுருங்காமல் ஆளுக்கொரு பக்கம் துடித்து, இதயம் வெறுமனே உதறிக்கொண்டிருப்பது ஃபிப்ரிலேஷன். அந்த நேரத்தில் ரத்தம் ஓடாது. முன்னால் உள்ள ‘டி’ நீக்குவதைக் குறிக்கும். மின்சாரம் அந்த உதறலை ஒரே வீச்சில் அடக்கிவிட்டால் இதயம் தன் இயல்பான தாளத்துக்குத் திரும்பலாம். அசைவே இல்லாத இதயத்தில் நீக்குவதற்கு உதறல் ஏது? அங்கே நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான் வழி.

ஆகவே தமிழில் ‘உதறல் நீக்கம்’ என்பதே பொருத்தம். கருவி ‘உதறல் நீக்கி’. ‘மின்னதிர்ச்சி’ என்றால் வீட்டில் கரண்ட் அடித்ததற்கும் அதே சொல்தான்.

மனித இதயத்தில் இது முதலில் பலித்தது ஒரு நெஞ்சு அறுவையின்போதுதான். 1947இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், 14 வயதுச் சிறுவனுக்கு அறுவை முடியும் தருவாயில் நாடி நின்று, இதயம் உதறத் தொடங்கியது. அறுவை மருத்துவர் கிளாட் பெக் நெஞ்சை மீண்டும் திறந்து, இதயத்தைக் கையாலேயே பிசைந்து, அதன்மேல் நேரடியாக மின்முனைகளை வைத்தார். பையன் பிழைத்தான். மூடிய நெஞ்சின் மேலிருந்தே அதைச் செய்து காட்டியவர் அமெரிக்க இதய மருத்துவர் பால் சோல், 1956இல்.

ரோபோ கைகளைக் கொண்டு நெஞ்சில் செய்யும் அறுவையின்போது இதயம் உதறத் தொடங்கினால் சிக்கல் வேறு. அங்கே நெஞ்சு மூடியே இருக்கிறது, சிறு துளைகள்தான். மருத்துவர் சற்றுத் தள்ளி, ரோபோவை இயக்கும் கன்சோலில் இருப்பார். நோயாளி பெரும்பாலும் ஒருக்களித்துப் படுத்திருப்பார், உடலுக்குள் ரோபோவின் கருவிகள். நெஞ்சை அழுத்த வேண்டுமானால் முதலில் அவற்றை உருவி, ரோபோவை விலக்க வேண்டும். இதற்கு ‘அன்டாக்கிங்’ என்று பெயர். துறையிலிருந்து கப்பலை அவிழ்ப்பதற்கான சொல். ‘கழற்றி விலக்கல்’ எனலாம். கருவிகளுக்கு இடம் உண்டாக்க உள்ளே செலுத்திய கரியமில வாயுவையும் வெளியேற்ற வேண்டும். அதன் அழுத்தமே சில சமயம் ரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும். போதாததற்கு அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அறுவைக்காகச் சுருக்கி வைத்த நுரையீரலையும் விரிக்க வேண்டும்.

மின்முனையை இதயத்தின் மேலேயே வைத்தால் 10, 20 ஜூல் மின்னாற்றல் போதும். தோலின் மேலிருந்து என்றால் 120 முதல் 200 வரை தேவை. அறுவைக்காகத் துணி போர்த்திய பிறகு ஒட்டுமுனை (தோலில் ஒட்டும் மின்முனை) வைக்க இடம் தேடுவது பெரும்பாடு. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, இரண்டு ஒட்டுமுனைகளுக்கும் நடுவில் இதயம் அமையும்படி அறுவைக்கு முன்பே அவற்றை ஒட்டிவிடுவார்கள்.