தோற்பதில் லாபம் இருக்கக் கூடாது: காற்பந்துப் போட்டிகள் அமைக்கப்படும் விதம்

2025 நவம்பர் 18ஆம் தேதி இரவு, ஹாங்காங்கின் காய் தாக் அரங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சிங்கப்பூர் அணி, இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடித்த கோல்களால் 2-1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தகுதிபெற்றது. தேக்காவில் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்த காப்பிக்கடையில், பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவருக்கு மகிழ்ச்சியோடு ஒரு சந்தேகமும் இருந்தது. "இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கே தம்பி, அதுக்குள்ள எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருடைய தே ஆறிக்கொண்டிருக்க, ரசீதின் பின்புறத்தில் நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம்.

ஆட்டத்துக்கு முன் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் ஆளுக்கு 8 புள்ளிகளுடன் இருந்தன. அன்றைய வெற்றியால் சிங்கப்பூருக்கு 11 புள்ளிகள் ஆயின. மற்ற அணிகளுடன் எஞ்சிய தத்தம் ஆட்டத்தில் ஹாங்காங் வென்று சிங்கப்பூர் தோற்றால் இரண்டும் 11 புள்ளிகளில் நிற்கும். மொத்தக் கோல் வித்தியாசத்தை, அதாவது எல்லா ஆட்டங்களிலும் அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருவதை, முதலில் பார்க்கும் விதியாக இருந்திருந்தால், அந்த இரவில் எதுவும் முடிவாகியிருக்காது. ஏனென்றால் சிங்கப்பூரின் வித்தியாசம் கூட்டல் 3, ஹாங்காங்குடையது கூட்டல் 1 மட்டுமே. ஒரே நாளில் அது தலைகீழாகக் கூடும். ஆனால் அந்தத் தகுதிச் சுற்றின் விதி, புள்ளிகள் சமமானால் அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களையே முதலில் பார்க்கச் சொல்கிறது. மார்ச் மாதம் சிங்கப்பூரில் 0-0, நவம்பரில் ஹாங்காங்கில் 2-1. பிரிவில் முதலிடம் பெறும் ஓர் அணிக்கு மட்டுமே இடம் என்ற அந்தச் சுற்றில், சிங்கப்பூரை ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே கரை சேர்த்தது விதிப் புத்தகத்தின் அந்த ஒரு வரிதான்.

போட்டி அமைப்பு என்பது அட்டவணை போடும் வேலை மட்டுமன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. திடலில் உதைபடும் பந்துக்கு என்ன மதிப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது அந்த அமைப்பு. நல்ல அமைப்பில் எந்த அணிக்கும் எந்த நேரத்திலும் வெல்வதே லாபமாக இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவது வியக்கத்தக்க அளவுக்குக் கடினம்.

நான்கு அணிகள் கொண்ட ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் ஒருமுறை மோதினால் ஆறு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வெற்றி, தோல்வி, சமநிலை என மூன்று முடிவுகள் சாத்தியம் என்பதால், ஒரு பிரிவு 729 விதங்களில் முடியலாம். அவற்றில் புள்ளிகள் சமமாக நிற்கும் விதங்கள் ஏராளம். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தின் 'இ' பிரிவில் ருமேனியா, பெல்ஜியம், சுலோவாக்கியா, உக்ரேன் ஆகிய நான்கும் சரியாக 4 புள்ளிகளே பெற்றன. கோல்களை எண்ணிப் பார்த்தபோது உக்ரேன் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு வீடு திரும்பியது. 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் முடிவு என எல்லாவற்றிலும் சமமாக நிற்க, ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டைகள் 4, செனகல் வாங்கியவை 6 என்பதை வைத்தே முடிவு எடுக்கப்பட்டது. அந்தப் பிரிவின் கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், அதே நேரத்தில் வேறோர் அரங்கில் செனகல் தோற்றுக்கொண்டிருப்பதை அறிந்து, கோலுக்கு முயலாமல் தன் பாதியிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. தோல்வியைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்ட அணி அது.

ஓர் அணிக்கு எதிரியின் நிலை எப்போது தெரியவருகிறது என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது. 1982 உலகக் கிண்ணத்தில், ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதியபோது, அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டிருந்தது. மேற்கு ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் ஐரோப்பிய அணிகள் இரண்டும் முன்னேறும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் ஹ்ருபேஷ் ஒரு கோல் போட்டார். அதன்பின் எண்பது நிமிடங்கள் ஆட்டம் என்ற பெயரில் பந்து நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆட்டங்களை வென்ற அல்ஜீரியா வெளியேறியது. அடுத்த உலகக் கிண்ணம் முதல், பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

48 அணிகளுக்கு விரிந்த 2026 உலகக் கிண்ணத்துக்கு முதலில் திட்டமிடப்பட்டது மூன்று அணிகள் கொண்ட 16 பிரிவுகள். மூன்று அணிகளில் ஒன்று எப்போதும் சும்மா இருக்க வேண்டும். கடைசி நாளில் ஆடும் இரண்டும் தங்களுக்கு வசதியான முடிவை அறிந்தே களமிறங்கும். கிஹோனுக்கு மீண்டும் கதவைத் திறந்துவிடும் திட்டம் அது. 2023 மார்ச்சில் ஃபிஃபா அதைக் கைவிட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தது. என் பார்வையில் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு அது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: ஆட்டங்களின் எண்ணிக்கை 104 ஆயிற்று. பிரிவு ஆட்டங்கள் 72. அடுத்து 32 அணிகளின் வெளியேற்றச் சுற்று. அங்கே ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. ஒருவர் மட்டும் மிஞ்ச 31 ஆட்டங்கள் வேண்டும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்றைச் சேர்த்தால் 32.

பன்னிரண்டு பிரிவுகளிலும் முதலிரு இடங்களைப் பிடிப்பவை 24 அணிகள்தாம். 32ஐ நிரப்ப, மூன்றாம் இடத்தில் நிற்பவற்றுள் சிறந்த எட்டைச் சேர்க்க வேண்டியுள்ளது. எந்த எட்டுப் பிரிவுகளிலிருந்து அவை வரும் என்பதற்கு 495 வாய்ப்புகள் உண்டு. ஒரே பிரிவில் ஆடிய இரு அணிகள் உடனே மறுபடி மோதிவிடாதபடி, ஒவ்வொரு வாய்ப்புக்கும் யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல் விதிகளின் இணைப்பாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் ஒரு குறையை எந்தப் பட்டியலாலும் தீர்க்க முடியாது: எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் முடிக்கும் பிரிவின் மூன்றாம் அணி விரலை மடக்கிக் காத்திருக்க, கடைசிப் பிரிவின் அணிகள் எத்தனை கோல் தேவை என்பதை அறிந்தே ஆடுகின்றன.

இதன் உச்சத்தை நம் வட்டாரமே பார்த்திருக்கிறது. தென்கிழக்காசிய அணிகள் மோதும் டைகர் கிண்ணம் 1998இல் வியட்நாமில் நடந்தது. ஹனோயில் ஆடிய பிரிவு முந்தைய நாளே முடிந்து, சிங்கப்பூர் முதலிடத்தையும் வியட்நாம் இரண்டாம் இடத்தையும் பிடித்திருந்தன. மறுநாள், ஆகஸ்ட் 31, ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதிபெற்றவை. வெல்லும் அணி ஹனோய்க்குப் பயணம் செய்து, சொந்த ரசிகர்கள் முன் ஆடும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். தோற்கும் அணி இருந்த இடத்திலேயே இருந்து சிங்கப்பூரைச் சந்திக்கலாம். சமநிலையில் முடிந்தால் இந்தோனேசியாவே முதலிடம். ஆட்டம் 2-2 என நின்றபோது, கடைசி நேரத்தில் இந்தோனேசியத் தற்காப்பு வீரர் முர்ஷித் எஃபெண்டி பந்தைத் தன் சொந்த வலைக்குள்ளேயே வேண்டுமென்று அடித்தார். அதைத் தடுக்க ஓடி வந்தவர்கள் தாய்லாந்து வீரர்கள். ஓர் அணி தன் வலையைத் தாக்க, எதிரணி அதைக் காத்தது.

இரு அணிகளுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. முர்ஷித்துக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை. செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தவறுக்கு ஆசை காட்டியது அட்டவணை. பிரிவுகளை வெவ்வேறு நாளில் முடித்து, ஒவ்வோர் அரையிறுதியையும் ஒரே ஆட்டமாக ஏதோ ஓர் ஊரில் வைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2004 முதல் இதே போட்டியின் அரையிறுதிகள் இரு அணிகளின் நாட்டிலும் ஒவ்வோர் ஆட்டமாக நடக்கத் தொடங்கியபின், ஊரைத் தேர்ந்தெடுக்கத் தோற்க வேண்டிய காரணம் இல்லாமற் போயிற்று.

அந்த அரையிறுதிகளில் தாய்லாந்து வியட்நாமிடம் 0-3 எனத் தோற்றது. எளிய எதிரி என்று கருதப்பட்ட சிங்கப்பூரிடம் இந்தோனேசியா 1-2 எனத் தோற்றது. செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் நடந்த இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் சென்ற ஒரே பந்தால், சிங்கப்பூர் முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது.