ரெபெல்லியன்: கலகமா, மீட்புப்போரா?

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களைத் தமிழாக்குபவர்களை அடிக்கடி இடறிவிடும் ஆங்கிலச் சொல் ‘ரெபெல்லியன்’. அகராதியில் கலகம், கிளர்ச்சி, புரட்சி என்று பல பொருள் கிடைக்கும். பலரும் கலகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கதையிலோ ஒரு மலைப் பூர்வகுடி தன் மலையைப் பறிகொடுத்து, தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்து, தளை அறுந்த பின் பழைய எசமானர்கள்மேல் படை திரட்டுகிறது. அந்தப் போர் நியாயமா என்று வாசகர் யோசிக்கத் தொடங்கும் முன்பே ‘கலகம்’ என்ற சொல் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெ’ என்றால் மீண்டும், ‘பெல்லும்’ என்றால் போர். தோற்று அடங்கிய மக்கள் மறுபடி போர் தொடங்குவதை ரோமர்கள் ‘ரெபெல்லியோ’ என்றார்கள். அவர்களுக்கு அது குற்றம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. ‘மீண்டும்’ என்றால் ஏற்கெனவே ஒரு போர் நடந்திருக்கிறது, அதைத் தொடங்கியவர்கள் வேறு யாரோ. பூர்வகுடியின் படையெடுப்பு அந்தப் போரின் இரண்டாம் பகுதிதான்.

‘கலகம்’ இந்த நினைவைத் துடைத்துவிடும். வடமொழியில் ‘கலஹ’ என்றால் சண்டை, சச்சரவு. நாரதர் கலகம் என்கிறோம், குடும்பத்தில் கலகம் மூட்டினான் என்கிறோம். அமைதியாக இருந்த இடத்தில் யாரோ வந்து குழப்பினார்கள் என்பதே இதன் தொனி. ‘கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்’ என்ற பழமொழியில்கூட நியாயம் பின்னால்தான் வருகிறது, கலகத்துக்குள் இல்லை. ‘கிளர்ச்சி’ கிளர்தலில் பிறந்தது. எழும் வேகத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ‘புரட்சி’ புரட்டிப்போடுவது. ஆட்சிமுறையையே மாற்றும் கதைக்கு அது பொருந்தும். பறிபோன மலையைத் திரும்பக் கேட்பவர்களுக்கு அது பெரிய சட்டை.

கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தோள்சீலைக் கலகம் என்று பழைய நூல்களிலும் பேச்சிலும் நிலைத்துவிட்ட பெயரைப் பாருங்கள். மேலாடை அணிந்த நாடார் பெண்களின் துணி சந்தையிலும் வழியிலும் வைத்துக் கிழிக்கப்பட்டது. கிறிஸ்தவ ஆலயங்களும் பள்ளிகளும் தீவைக்கப்பட்டன. கிழித்தவரையும் கிழிக்கப்பட்டவரையும் ஒரே சாக்கில் கட்டிய சொல்தான் ‘கலகம்’. இன்று ‘தோள்சீலைப் போராட்டம்’ என்று எழுதுகிறோம். அது நாகரிகத்துக்காகச் செய்த மாற்றம் அல்ல, பிழைதிருத்தம். 1806 வேலூரும் 1857உம் ‘சிப்பாய்க் கலகம்’ என்ற பெயரை உதறியதும் இதே வழியில்தான்.

அடுத்த இடறல் ‘முன்னாள் அடிமை’ என்ற தொடர். விடுதலைதான் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் போர் என்று மிகுபுனைவு வாசகர் கேட்பார். அன்று கன்னியாகுமரியை ஆண்ட திருவிதாங்கூரின் தேதிகளை வைத்துப் பார்ப்போம். அடிமைமுறையை முழுதும் ஒழிக்கும் அரச விளம்பரம் 1855இல் வந்தது. மேலாடைக்கான பெரிய வன்முறை நடந்தது 1858-59இல். (சட்டப்படி அடிமைகளாக இருந்தவர்கள் புலையர், பறையர் முதலான குடிகள். நாடார்கள்மேல் இருந்தவை கூலியில்லா ஊழியமும் வரிகளும் உடைத்தடைகளும். இரண்டையும் குழப்பக்கூடாது.) 1859 ஜூலை ஆணை ஒருவழியாக மார்பை மூட அனுமதித்தது. குப்பாயம் (ரவிக்கை போன்ற மேற்சட்டை) போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி கட்டலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் கூடாது! அனுமதிக்கும் அதே வரியிலேயே விலக்கும் வந்துவிட்டது.

ஆகவே கதையில் ‘விடுவிக்கப்பட்டார்கள்’ என்று வந்தால் நான்கைச் சரிபார்க்க வேண்டும்: நிலம் திரும்பியதா, கூலியில்லா வேலை நின்றதா, எந்த வழியிலும் நடக்கலாமா, விரும்பியதை உடுத்தலாமா. இவற்றில் நிலம் திரும்பாவிட்டாலே ‘முன்னாள்’ என்ற அடைமொழி பொய்யாகிவிடும்.

இங்கே ‘ஊழியம்’ என்ற சொல்லையும் நிறுத்திப் பார்க்கலாம். நம் பக்கத்தில் இன்று ஊழியம் என்றால் சபைப்பணி, ஊழியக்காரர் என்றால் போதகர். அன்றைய திருவிதாங்கூரில் அது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. அடிமை அல்லாதவரையும் கட்டிப்போட்ட கயிறு அது. மிகுபுனைவில் வரும் கட்டாய உழைப்புக்கு ‘வெட்டிவேலை’ என்று எழுதுவதைவிட ‘ஊழியம்’ கனமானது. ஆனால் குமரி வாசகருக்கு ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெபக்கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

சரி, இணைச்சொல் என்ன? தமிழ்ப் புறத்திணை போரை அதன் நோக்கத்தால் பிரிக்கிறது. நிரையை, அதாவது மாட்டுமந்தையை, கவர்வது வெட்சி, கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை, மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி. பறித்தவன் போருக்கும் மீட்பவன் போருக்கும் வேறுவேறு பூ சூட்டிய மரபு இது. மிகுபுனைவுப் பூர்வகுடியின் போர் கரந்தை வகை. ஆகவே ‘மீட்புப்போர்’ என்பதே என் தேர்வு. மீட்பர், தீயணைப்பு மீட்புப்பணி என்று ‘மீட்பு’க்கு வேறு பழக்கங்கள் உண்டென்றாலும் ‘போர்’ சேர்ந்ததும் பொருள் தெளிந்துவிடும். ‘அறப்போர்’ வேண்டாம். இருபதாம் நூற்றாண்டு அரசியலில் அது சத்தியாகிரகத்துக்கும் மறியலுக்கும் உரிய சொல்லாகிவிட்டது. வாள் ஏந்தியவர்களுக்குச் சூட்டினால் வாசகர் தடுமாறுவார்.

மீட்புப்போர் என்று பெயர் வைத்ததால் அந்தப் படை செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. போர் தொடங்கிய காரணம் ஒரு கேள்வி, போர் நடத்தும் விதம் இன்னொரு கேள்வி. ஒன்றுக்கு மற்றொன்று ரசீது ஆகாது. பிரான்ஸின் கரீபியன் குடியேற்றநாடாக இருந்த ஹைட்டியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிரான்ஸ் 1794இல் அடிமைமுறையை ஒழித்தது, 1801 இறுதியில் நெப்போலியன் அங்கே படை அனுப்பினார், 1802இல் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமும் இயற்றினார். விடுதலையை ருசித்தவர்கள் எதிர்த்துப் போரிட்டு, 1804 ஜனவரி 1 அன்று தனிநாடு அறிவித்தார்கள். அதைவிட நியாயமான போரைக் காட்டுவது கடினம். அதே ஆண்டு அவர்கள் தலைவர் தெசலீனின் ஆணையில் மிஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அது கொலை. போரின் காரணம் அந்தக் கொலையைக் கழுவாது, அந்தக் கொலையும் போரின் காரணத்தை அழிக்காது.

கரந்தை மறவர் ஓட்டிவருவது தங்கள் நிரையை, வெட்சியார் வீட்டுப் பிள்ளைகளை அல்ல. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில், அம்பு விடும் முன் பெண்டிரும் பிணியாளரும் பாதுகாப்பான இடம் சேரும்படி அறிவிக்கப்படுகிறது. அதைப் பாட்டு அறத்தின் வழி என்கிறது. கதையில், மலையைப் பறித்துக் குடியேறியவர்களின் மூன்றாம் தலைமுறை அந்த மண்ணிலேயே பிறந்திருக்கும். அவர்களுக்கு இந்த அறிவிப்பு கிடைத்ததா என்று பாருங்கள்.

எழுத்தாளர்கள் தவறுவது பெரும்பாலும் கதை தொடங்கும் இடத்தில். தீப்பந்தங்களோடு மலைக்குடி ஊருக்குள் இறங்கும் இரவில் முதல் அத்தியாயம் திறக்கும். அந்த ஊர் எப்படி அங்கே வந்தது என்பது இருபதாம் அத்தியாயத்தில் ஒரு கிழவியின் முணுமுணுப்பாக வரும். அதற்குள் வாசகர் மனம் பூட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு குறுக்குவழி, நியாயமான கோரிக்கை வலுத்ததும் மலைத்தலைவனை ஒரு குழந்தையைக் கொல்லவைத்து, இரு பக்கமும் ஒன்றுதான் என்று முடித்துவிடுவது. அது நடுநிலை அல்ல, தப்பித்தல்.

மொழிபெயர்ப்பில் ‘கலகம்’ முழுதும் ஒழிய வேண்டியதில்லை. அது யார் வாயில் வருகிறது என்பதே கணக்கு. அரண்மனைத் தூதன் “மலையில் கலகம் மூண்டுவிட்டது, மன்னா” என்று சொல்லட்டும். மலைக்குடிப் பெண் “நாங்க எங்க மலைய மீட்கப் போறோம்” என்று சொல்லட்டும். கதைசொல்லி இருவருக்கும் வெளியே நின்று பேசும் வரியில் ‘போர்’ என்று மட்டும் எழுதுங்கள்.